லீனியர் வால்வு எத்தனை வருடம் வரும்? எல்லையோர ஹாம்களுக்கு ஒரு வழிகாட்டி

லீனியர், அதாவது ஹாம் ரிக்கின் (அமெச்சூர் ரேடியோ டிரான்ஸ்ஸீவரின்) சிக்னலைப் பெருக்கும் பவர் ஆம்ப்ளிஃபையர், வாங்கியவர் முதலில் கேட்பது, அதிலுள்ள வால்வு (வெற்றிடக் குழாய்) எவ்வளவு நாள் வரும் என்பதுதான். மணிக்கணக்கில் பார்த்தால் பதில் எளிது. ஒலிபரப்பு நிலையங்களில் இரவு பகலாக ஓடும் பெரிய வால்வுகள் பத்தாயிரம் மணி நேரத்தைத் தாண்டுவது சாதாரணம். ஹாம் ஒருவர் தினம் இரண்டு மணி நேரம், வருடத்தில் 300 நாள் லீனியரை ஆன் செய்து வைத்தாலும் 600 மணி நேரம்தான் ஆகிறது. அந்தக் கணக்கில் ஒரு வால்வு 16 வருடம் வர வேண்டும். அப்படி வந்த வால்வுகளும் இருக்கின்றன. ஆனால் நம் பக்கத்தில் பல வால்வுகள் இரண்டு மூன்று வருடத்திலேயே போய்விடுகின்றன. அவை தேய்ந்து போனவை அல்ல. தவறான ஃபிலமென்ட் (எலக்ட்ரான் தரும் சூடான கம்பி) வோல்டேஜ், போதாத காற்று, நீண்ட நேரம் இழுத்த டியூனிங், கிரிட்டில் (எலக்ட்ரான் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வலை) ஏறிய சூடு, உள்ளே கசிந்த வாயு என்று ஏதோ ஒன்றால் பாதி வழியில் போனவை. இந்த ஐந்துமே நம் கையில் இருப்பவை.

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், பாலக்காட்டுச் சித்தூர், மூணாறு, பீர்மேடு, ஆரியங்காவு என்று கேரள எல்லையில் மலையோரமாகக் குடியிருக்கும் தமிழ் ஹாம்களுக்கு இதில் சில தனிச் சிக்கல்கள் உண்டு. மின் லைனின் கடைசியில் வீடு, மழை மாதங்களில் ஈரம், கணவாய்க் காற்றோடு வரும் தூசி, மலைமேல் மெல்லிய காற்று. இவற்றை மனதில் வைத்தே கீழே உள்ளவை எழுதப்பட்டிருக்கின்றன.

முதலில் வால்வு எந்த வகை என்று பாருங்கள்

ஒரு வகைக்கு நல்லது இன்னொரு வகைக்குக் கெடுதல் என்பதால் இதைத் தெரிந்துகொள்ளாமல் எதிலும் கை வைக்க வேண்டாம்.

811ஏ, 572பி, 813, 3-500இசட் ஆகியவை தோரியம் கலந்த டங்ஸ்டன் ஃபிலமென்ட் உள்ளவை. ஆன் செய்த உடனே விளக்கு போல எரியும், ஓரிரு வினாடியில் வேலைக்குத் தயார். இந்தக் கம்பியில் ஒன்றிரண்டு சதவீதம் தோரியம் ஆக்சைடு கலந்திருக்கும். கம்பியின் மேல்பகுதியைக் கரியேற்றி டங்ஸ்டன் கார்பைடாக மாற்றியிருப்பார்கள். சூட்டில் அந்தக் கார்பைடு தோரியம் ஆக்சைடைப் பிரித்துத் தோரியத்தை மேலே அனுப்புகிறது. எலக்ட்ரான்களைத் தருவது அந்தத் தோரியப் படலம். கார்பன் தீர்ந்தால் வால்வு முடிந்தது. ஆகவே இந்த வகையின் ஆயுள் என்பது கையிருப்பில் உள்ள கார்பன்தான். கம்பியின் சூடு ஏற ஏற அது வேகமாகத் தீரும்.

4சிஎக்ஸ்250பி, 8877, 3சிஎக்ஸ்800ஏ7, ரஷ்யாவின் ஜியு-74பி, ஜிஐ-7பி, ஜியு-50, பழைய 807, 6146 எல்லாம் ஆக்சைடு பூசிய கேதோடு (எலக்ட்ரான் தரும் மின்முனை) உள்ளவை. உள்ளே தனி ஹீட்டர் இருக்கும். இவற்றுக்குச் சூடேற நேரம் வேண்டும். 4சிஎக்ஸ்250பி-க்குக் குறைந்தது 30 வினாடி, ஜியு-74பி-க்கு இரண்டரை நிமிடம், 8877-க்கும் 3சிஎக்ஸ்800ஏ7-க்கும் மூன்று நிமிடம். அதற்கு முன் கரண்ட் இழுத்தால் பூச்சு உரிந்து வரும். உரிந்தது திரும்ப ஒட்டாது.

கூடுதல் ஆயுள் வேண்டி வோல்டேஜைக் குறைக்கும் வழி தோரியம் வகைக்கு மட்டும்தான். ஆக்சைடு வகையில் ஹீட்டரைக் குறித்த அளவுக்குக் கீழே ஓட்டினால், உள்ளே மிச்சமிருக்கும் வாயுக்கள் கேதோடு மேல் படிந்து அதை நஞ்சாக்கிவிடும். அவற்றை டேட்டா ஷீட்டில் சொன்ன வோல்டேஜிலேயே வையுங்கள். அதேபோல, ஆக்சைடு வால்வின் ஹீட்டரை நாள் முழுக்க எரியவிட்டுக் கரண்ட் எதுவும் இழுக்காமல் வைத்திருப்பதும் நல்லதல்ல. பூச்சுக்கும் உலோகத்துக்கும் நடுவே ஒரு தடைப்படலம் வளர்ந்து எமிஷன் (எலக்ட்ரான் தரும் திறன்) குறைந்துபோகும்.

ஃபிலமென்ட் வோல்டேஜ்: ஆயுளில் பாதி இங்கே இருக்கிறது

தோரியம் வால்வுகளுக்கு டிரான்ஸ்மிட்டர் இன்ஜினியர்கள் வைத்திருக்கும் கணக்கு இது. ஃபிலமென்ட் வோல்டேஜ் 3% கூடினால் எமிஷன் சுமார் 20% கூடும், ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். இதை நம் வீட்டு மின்சாரத்தோடு சேர்த்துப் பாருங்கள்.

3-500இசட்டுக்கு ஃபிலமென்ட் 5.0 வோல்ட், சுமார் 14.6 ஆம்பியர். அனுமதிக்கப்பட்ட எல்லை 4.75 முதல் 5.25 வரை. 230 வோல்ட்டில் சரியாக 5.0 தரும் டிரான்ஸ்ஃபார்மர், லைன் 245-க்கு ஏறும் நள்ளிரவில் 5.33 வோல்ட் தரும். அது ஆறரை சதவீதம் அதிகம். அந்த மணிகளில் வால்வு நான்கு மடங்குக்கு மேல் வேகமாகத் தேய்கிறது. அதே வீட்டில் சாயங்காலம் தோப்பு மோட்டார்கள் எல்லாம் ஓடும்போது லைன் 200-க்கு இறங்கினால் ஃபிலமென்ட்டுக்கு 4.35 வோல்ட்தான் கிடைக்கும். அப்போது குரலின் உச்சங்களுக்கு எமிஷன் போதாது. சிக்னல் தட்டையாகி, பக்கத்து ஃப்ரீக்வென்சி முழுக்கத் தெறிக்கும். டிஎக்ஸுக்காக (தொலைநாட்டுத் தொடர்புக்காக) நள்ளிரவில் உட்காருபவர்களின் வால்வு சீக்கிரம் தேய இது ஒரு காரணம்.

அளப்பதற்கு முன் ஒரு விஷயம். லீனியருக்குள் இருக்கும் எச்.டி., அதாவது வால்வின் பிளேட்டுக்கு (நேர்மின்முனைக்கு) போகும் உயர் வோல்டேஜ், 2500, 3000 வோல்ட். 30 மைக்ரோஃபேரட் ஃபில்டர் கெபாசிட்டர் வங்கி 3000 வோல்ட்டில் 135 ஜூல் சேர்த்து வைத்திருக்கும். அது ஆளைக் கொல்லும். பிளக்கை உருவி, எச்.டி. மீட்டர் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருந்து, பிறகு நன்கு காய்ந்த பிவிசி குழாயின் நுனியில் கொக்கி வைத்து, சேஸியோடு தடித்த வயரால் இணைத்த ஒரு கம்பால் பிளேட் லைனைத் தொட்டு ஷார்ட் செய்யுங்கள். ப்ளீடர் ரெசிஸ்டர் அறுந்திருக்கலாம், மீட்டரும் பொய் சொல்லலாம். கம்பு மட்டும்தான் உறுதி. கொக்கியை மாட்டியபடியே விட்டுவிட்டு வேலை பாருங்கள். மழைக்கால ஈரத் தரையில் செருப்பில்லாமல் நின்று இந்த வேலையைச் செய்ய வேண்டாம். தனியாக இருக்கும்போதும் வேண்டாம்.

இனி அளவு. வோல்டேஜை டிரான்ஸ்ஃபார்மரில் அளப்பது பயனற்றது. வால்வு சாக்கெட்டின் பின்களில்தான் அளக்க வேண்டும். 14.6 ஆம்பியர் ஓடும் பாதையில் 0.02 ஓம் தடை இருந்தாலே 0.29 வோல்ட் போய்விடும். அது 5 வோல்ட்டில் 6%. கறுத்த பின், தளர்ந்த சாக்கெட் கிளிப், உலர்ந்த சால்டர், மெல்லிய வயர் என்று இந்த 0.02 ஓம் எங்கிருந்தும் வரும்.

லீனியரை அணைத்து, டிஸ்சார்ஜ் செய்து, இரண்டு இன்சுலேட் வயர்களைச் சாக்கெட்டின் ஃபிலமென்ட் பின்களில் சால்டர் செய்யுங்கள். வெளியே கொண்டுவந்து மீட்டரில் மாட்டுங்கள். கொக்கியை எடுத்து, மேல்மூடியைத் திருகி மூடிய பிறகே ஆன் செய்யுங்கள். கீ செய்யாமல் (டிரான்ஸ்மிட் செய்யாமல்) ஸ்டாண்ட்பையில் மட்டும் அளவு எடுங்கள். கேதோடு பக்கம் பயாஸ் வோல்டேஜ் ஏறியிருக்கும் என்பதால் மீட்டர் வயரின் உலோகத்தைத் தொட வேண்டாம். அளந்து முடித்ததும் மறுபடி டிஸ்சார்ஜ் செய்து வயர்களைக் கழற்றிவிடுங்கள். மீட்டர் உண்மையான ஆர்எம்எஸ் காட்டுவதாக இருக்க வேண்டும். நம் லைனின் அலைவடிவம் உச்சியில் தட்டையாக இருப்பதால் மலிவான மீட்டர் சில சதவீதம் தவறிக் காட்டும். இங்கே சண்டையே அந்தச் சில சதவீதத்துக்காகத்தான்.

ஒரே அளவை வைத்து முடிவு செய்ய வேண்டாம். காலை, மாலை ஏழு மணி, நள்ளிரவு என்று ஒரு வாரம் லைன் வோல்டேஜையும் ஃபிலமென்ட் வோல்டேஜையும் சேர்த்துக் குறித்து வையுங்கள். அதைப் பார்த்துத்தான் மருந்து.

லைன் எப்போதுமே உயரமாக இருக்கும் வீடு என்றால் முதலில் லீனியர் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி டேப்பை (லைன் வோல்டேஜுக்கு ஏற்ப மாற்றும் இணைப்பை)ப் பாருங்கள். 220-ல் மாட்டியிருந்தால் 240-க்கு மாற்றுங்கள். பலருக்கு இதோடு வேலை முடிந்துவிடும். ஃபிலமென்ட்டுக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அதன் பிரைமரியில் ஒரு வயர்வவுண்ட் ரெசிஸ்டரைத் தொடராகப் போடலாம். ஒரு 3-500இசட் என்றால் 73 வாட், பிரைமரியில் சுமார் 0.32 ஆம்பியர். 15 வோல்ட் குறைக்க 47 ஓம் வேண்டும். ரெசிஸ்டரில் 5 வாட் சூடாகும். 25 வாட் ரெசிஸ்டராக வாங்கிப் போடுங்கள். இரண்டு வால்வு என்றால் 22 ஓம். இதில் கூடுதல் லாபம் ஒன்றுண்டு. குளிர்ந்த டங்ஸ்டனின் தடை சூடான நிலையில் இருப்பதில் எட்டில், பத்தில் ஒரு பங்குதான். அதனால் ஆன் செய்யும் கணத்தில் பாயும் பெரும் கரண்ட்டை இந்த ரெசிஸ்டர் அடக்கிவிடும்.

எச்.டி.யும் ஃபிலமென்ட்டும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருந்தால் 12 வோல்ட் 10 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றின் செகண்டரியை லைனுக்கு எதிர்ப்போக்கில் தொடராகச் சேர்த்து, முழு லீனியருக்கும் 5% குறைக்கலாம். கோயம்புத்தூரில் மோட்டார் காயில் கட்டும் பட்டறைகளில் இதை அளவு சொல்லிக் கட்டி வாங்கலாம். சேர்த்த பிறகு வோல்டேஜ் குறைந்ததா கூடியதா என்று பல்பு ஒன்றை மாட்டி அளந்து பார்த்துவிட்டுத்தான் லீனியரை மாட்ட வேண்டும். திசை மாறினால் 5% கூடிவிடும்.

ஏறியும் இறங்கியும் ஆடும் லைன் என்றால் ஸ்டெபிலைசர்தான் வழி. ஃபிரிட்ஜுக்கு வைக்கும் ரிலே ஸ்டெபிலைசர் இதற்கு உதவாது. பேசும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் லோடு ஏறி இறங்க, ரிலே டக் டக்கென்று படி மாறிக்கொண்டே இருக்கும். சர்வோ ஸ்டெபிலைசர், ஒரு 3-500இசட் லீனியருக்கு 3 கேவிஏ அளவில் போதும்.

வோல்டேஜ் நிலையான பிறகு, தோரியம் வால்வுக்காரர்கள் இன்னும் ஒரு படி போகலாம். புது வால்வை முதல் 200 மணி நேரம் குறித்த வோல்டேஜிலேயே ஓட்டுங்கள். பிறகு டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் ரெசிஸ்டரில்) முழு டிரைவ் (ரிக்கிலிருந்து வரும் உள்ளீடு) கொடுத்தபடி ஃபிலமென்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். அவுட்புட் இரண்டு சதவீதம் இறங்கத் தொடங்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து 2 முதல் 3% மேலே ஏற்றி நிறுத்துங்கள். 3-500இசட்டில் அது 4.8 பக்கம் வந்து நிற்கும். 4.75-க்குக் கீழே போக வேண்டாம்.

காற்று

3-500இசட்டின் பிளேட் செர்ரிப் பழம் போலச் சிவப்பது இயல்பு. அதன் பிளேட்டில் உள்ள பூச்சு சூட்டில்தான் உள்ளிருக்கும் வாயுவை உறிஞ்சும். ஆனால் பின்கள் கண்ணாடிக்குள் நுழையும் சீல் 200 டிகிரி செல்சியஸையும், மேலே பிளேட் சீல் 225 டிகிரியையும் தாண்டக் கூடாது. பின்னுக்குள் இருக்கும் சால்டர் உருகி ஃபிலமென்ட் விட்டு விட்டு எரியும் கோளாறு இந்த வால்வில் அதிகம் பார்க்கலாம். காரணம் அடியில் காற்று போதாமை. ஆகவே காற்று முதலில் சாக்கெட்டைச் சுற்றிப் போய், பிறகு கண்ணாடிச் சிமினி வழியாக மேலேறி, பிளேட் தொப்பியின் ஹீட்சிங்க்கைத் தொட்டு வெளியேற வேண்டும். சிமினியை எடுத்துவிட்டு ஓட்டுபவர்கள் தொப்பியின் சீலை இழப்பார்கள். 811ஏ, 572பி வால்வுகளில் பிளேட் நன்றாகச் சிவந்து ஒளிர்ந்தால் அது எச்சரிக்கை. 811ஏ-யின் பிளேட் தாங்குவது 65 வாட்தான்.

4சிஎக்ஸ்250பி, ஜியு-74பி போன்ற செராமிக் வால்வுகளில் குளிர்விக்கும் தகட்டுத் துடுப்புகள் நெருக்கமாக இருக்கும். அதன் வழியே காற்றைத் தள்ள அழுத்தம் வேண்டும். கம்ப்யூட்டர் ஃபேன் எத்தனை வைத்தாலும் அந்த அழுத்தம் வராது. அணில் கூண்டு வடிவ ப்ளோயர்தான் வேண்டும். ஹீட்டர் மட்டும் எரியும்போதும் இவற்றுக்குக் காற்று நிற்கக் கூடாது.

மூணாறு, தேவிகுளம் போல 1500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட 14% குறைவு. குளிர் ஊர்தானே என்று ஃபேனைச் சின்னதாக வைக்க வேண்டாம். டேட்டா ஷீட்டில் கடல் மட்டத்துக்கும் உயரத்துக்கும் தனித்தனி காற்றளவு கொடுத்திருப்பார்கள். இரண்டுக்கும் நடுவே கணக்கிட்டு எடுங்கள். பாலக்காட்டுப் பக்கம் சிக்கல் வேறு. பங்குனி, சித்திரையில் உள்ளே போகும் காற்றே 40 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த மாதங்களில் பவரைக் குறைத்து ஓட்டுவதே நல்லது. ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று கொண்டுவரும் தூசியும் பஞ்சும் ப்ளோயரின் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். மாதம் ஒருமுறை பிளக்கை உருவி, டிஸ்சார்ஜ் செய்து, பெயின்ட் பிரஷ்ஷால் சக்கரத்தையும் துடுப்புகளையும் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். காற்று உள்ளே போகும் வாயில் வடிகட்டி வைத்தால் அதை வாரம் ஒருமுறை பாருங்கள். அடைத்த வடிகட்டி, வடிகட்டி இல்லாததைவிட மோசம்.

கரண்ட் போகும்போது நடப்பது பலருக்கும் தோன்றாத விஷயம். பிளேட் செக்கச் சிவந்திருக்கும் நேரத்தில் கரண்ட் போனால் ஃபேனும் நின்றுவிடும். பிளேட்டில் உள்ள சூடு முழுவதும் சீல்களுக்கு இறங்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ஃபேனை மட்டும் தனி வயரில் அதிலிருந்து ஓட்டுங்கள். வேலை முடித்து அணைக்கும்போதும் ஃபேன் ஐந்து நிமிடம் ஓடட்டும். கரண்ட் திரும்பி வரும்போது லீனியர் தானாக ஆன் ஆகக் கூடாது. பட்டனை அழுத்தினால் மட்டுமே பிடிக்கும் காண்டாக்டர் ஒன்று வைத்துவிட்டால், ஆக்சைடு வால்வு சூடேறும் முன் எச்.டி. வந்து கெடுவதும் தவிரும்.

டியூனிங்: வினாடிகளில் போகும் ஆயுள்

2500 வோல்ட், 400 மில்லி ஆம்பியர் என்றால் உள்ளே போவது 1000 வாட். சரியாக டியூன் ஆகியிருந்தால் 600 வாட் வெளியே போகும், 400 வாட் பிளேட்டில் சூடாகும். 3-500இசட் 500 வாட் தாங்கும், ஆகவே சரி. டியூன் விலகியிருந்தால் அந்த 1000 வாட்டில் பெரும்பகுதி பிளேட்டிலேயே தங்கும். புதிதாக வந்தவர் குமிழைத் தேடித் திருப்பிக்கொண்டிருக்கும் 30 வினாடிதான் வால்வின் மோசமான நேரம். உரிமத்தில் உங்களுக்கு அனுமதித்திருக்கும் பவர் இதைவிடக் குறைவாக இருந்தாலும், டியூன் விலகினால் இதே விகிதத்தில்தான் சூடாகும்.

டம்மி லோடை மாட்டுங்கள். கையேட்டில் அந்த பேண்டுக்குச் சொன்ன இடத்தில் டியூன், லோடு குமிழ்களை வையுங்கள். ரிக்கிலிருந்து 10, 15 வாட் மட்டும் கொடுத்து, டியூன் குமிழைத் திருப்பி அவுட்புட் உச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். இனி டிரைவைக் கூட்டிக்கொண்டே லோடு குமிழில் உச்சம், மறுபடி டியூனில் உச்சம் என்று இரண்டு மூன்று முறை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் கீயை ஐந்து வினாடிக்கு மேல் அழுத்தக் கூடாது, பிறகு 20 வினாடி ஓய்வு. எலக்ட்ரானிக் கீயரில் வேகமான புள்ளிகளை ஓடவிட்டு டியூன் செய்வது இன்னும் நல்லது. சராசரிச் சூடு பாதிதான் இருக்கும்.

கடைசி உச்சம் கிடைத்த பிறகு லோடு கெபாசிட்டரைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். அவுட்புட் மயிரிழை குறையும், கிரிட் கரண்ட் நன்றாகவே இறங்கும். எச்.எஃப். லீனியர்களில் பார்க்க வேண்டிய முக்கிய மீட்டர் கிரிட் கரண்ட்தான். 3-500இசட்டின் கிரிட் 20 வாட்தான் தாங்கும். பிளேட் சிவப்பது கண்ணுக்குத் தெரியும், கிரிட் வெந்து வளைவது தெரியாது. கிரிட் கரண்ட், பிளேட் கரண்டில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் லோடிங் போதவில்லை அல்லது டிரைவ் அதிகம் என்று பொருள்.

டியூன் செய்த இடங்களை ஒவ்வொரு பேண்டுக்கும் ஒரு அட்டையில் எழுதி லீனியர் மேலேயே ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை இரண்டு வினாடி போதும்.

100 வாட் ரிக்குகள் பலவற்றில் பவரை 40 வாட்டுக்குக் குறைத்து வைத்தாலும், பேச ஆரம்பிக்கும் முதல் கணத்தில் முழு 100 வாட் ஒரு சொடுக்காக வெளியே வரும். 811ஏ போன்ற சின்ன வால்வுகளின் கிரிட்டை இது பதம் பார்க்கும். ரிக்கின் எல்லா மோடிலும் உச்ச பவர் வரம்பு வைக்கும் மெனு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் நடுவே 3 டிபி அட்டென்யூவேட்டர் ஒன்றை வைத்து ரிக்கை முழுப் பவரில் ஓட்டலாம். ஆன்டெனா ரிலே மூடும் முன் டிரைவ் வந்து சேர்வதும் இதே ரகம். ரிக்கின் மெனுவில் டிரான்ஸ்மிட் தாமதத்தை 15 முதல் 25 மில்லி வினாடி வரை வையுங்கள்.

எஃப்டி8 (கம்ப்யூட்டர் வழியாக அனுப்பும் டிஜிட்டல் மோடு) ஓட்டுபவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எஸ்.எஸ்.பி. பேச்சில் சராசரி பவர் குறைவு. எஃப்டி8-ல் நாம் அனுப்பும் ஒவ்வொரு 15 வினாடிச் சுற்றிலும் 12.6 வினாடி முழுப் பவர் நிற்காமல் போகும். மூன்று 811ஏ வால்வுகள் சேர்ந்து தாங்குவது 195 வாட். 500 வாட் உள்ளே, 300 வாட் வெளியே என்றால் 200 வாட் பிளேட்டில். அப்போதே எல்லை தாண்டியாயிற்று. பேச்சில் தரும் பவரில் பாதிக்கு மேல் எஃப்டி8-ல் தர வேண்டாம்.

புது வால்வையும் கிடப்பில் கிடந்த வால்வையும் எழுப்புவது

வருடக்கணக்கில் பெட்டியில் இருந்த வால்வுக்குள் கொஞ்சம் வாயு சேர்ந்திருக்கும். நேராக 3000 வோல்ட் கொடுத்தால் உள்ளே மின்னல் அடித்து, ஃபில்டர் கெபாசிட்டரில் உள்ள ஆற்றல் முழுவதும் கிரிட் வழியாகப் பாயும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும், வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாலும், முதல் நாளே காற்றில் ஏறிப் பேச அவசரப்பட வேண்டாம்.

மல்டிமீட்டரால் கிரிட்டுக்கும் ஃபிலமென்ட்டுக்கும், கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் இடையே ஷார்ட் இல்லை என்று பாருங்கள். பிறகு ஃபேனோடு ஃபிலமென்ட் மட்டும் கொடுங்கள். தோரியம் வகைக்கு இரண்டு மணி நேரம், ஆக்சைடு செராமிக் வகைக்கு ஒரு முழு இரவு. அடுத்து எச்.டி. லைனில் 10 கிலோ ஓம், 10 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர்கள் பத்தைத் தொடராகச் சேர்த்து 100 கிலோ ஓம் ஆக்கி, காற்று இடைவெளி விட்டு மாட்டுங்கள். வால்வு கட் ஆஃபில், அதாவது ஸ்டாண்ட்பையில் இருக்கட்டும். ஃபிலமென்ட்டுக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வழியாக எச்.டி.யை மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு, முழுது என்று ஒவ்வொன்றிலும் அரை மணி வையுங்கள். உள்ளே பொறி பறந்தாலும் 30 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடாது. அந்தச் சின்னப் பொறிகள் வாயுவை எரித்து நல்லதே செய்யும். பொறி அடங்கிய பிறகு அணைத்து, டிஸ்சார்ஜ் செய்து, ரெசிஸ்டர் வரிசையை எடுத்துவிடுங்கள்.

3-500இசட்டுக்கு இன்னும் ஒரு படி உண்டு. டிரைவ் இல்லாமல் கீ செய்து ரெஸ்டிங் கரண்டில் விடுங்கள். இந்தக் கரண்ட்டைக் குறைக்கும் பயாஸ் ஜெனர் டையோடு இல்லாத லீனியரில் 2500 வோல்ட்டுக்கு 130 மில்லி ஆம்பியர் ஓடும், பிளேட்டில் 325 வாட். மங்கலாகச் சிவக்கும். 15 நிமிடம் அப்படி விட்டால் பிளேட் பூச்சு மிச்ச வாயுவை உறிஞ்சிக்கொள்ளும்.

எந்த லீனியரிலும் எச்.டி. லைனில் நிரந்தரமாக 25 ஓம், 25 வாட், நீளமான வயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே ஆர்க் அடித்தால் கரண்ட்டை நூறு ஆம்பியர் அளவில் நிறுத்துவது அதுதான். இல்லையென்றால் போடுங்கள். சில நூறு ரூபாய்க்குள் வால்வுக்கு இதைவிட நல்ல காவல் கிடையாது.

கரியேற்றிய ஃபிலமென்ட் குளிர்ந்த நிலையில் எளிதில் நொறுங்கும். போடிமெட்டு, வாளையாறு வழியாக வண்டியில் கொண்டுபோகும்போது வால்வை லீனியரில் விட வேண்டாம். தனியே கழற்றி, ஸ்பாஞ்ச் வைத்த பெட்டியில் செங்குத்தாக நிறுத்தி, மடியில் வைத்துக் கொண்டுபோங்கள். 3-500இசட்டைப் பொருத்துவதும் எப்போதும் செங்குத்தாகத்தான். படுக்க வைத்தால் சூட்டில் ஃபிலமென்ட் தொய்ந்து கிரிட்டைத் தொடும்.

ஈரம், பல்லி, இடி

இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் இரண்டு வாரம் அணைந்து கிடந்த லீனியரை அப்படியே ஆன் செய்ய வேண்டாம். எச்.டி. இல்லாமல் ஃபேனையும் ஃபிலமென்ட்டையும் அரை மணி ஓடவிட்டு உலர்த்துங்கள். ஒரே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள லீனியர் என்றால், பிளக்கை மாட்டும் முன் பக்கத்தில் 60 வாட் பல்பு ஒன்றை ஒரு மணி நேரம் எரிய வையுங்கள். செராமிக் இன்சுலேட்டர்களை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். காற்றுத் துளைகளுக்கு மெல்லிய கம்பி வலை அடியுங்கள். சூட்டுக்கு ஒண்ட வரும் பல்லியும் எறும்பும் எச்.டி.யை ஷார்ட் செய்தால் வால்வும் சேர்ந்து போகலாம். சித்திரை இடிக்கும் ஐப்பசி இடிக்கும் ஆன்டெனாவை லீனியரிலிருந்து கழற்றி வெளியே எர்த் செய்யுங்கள். மின் பிளக்கையும் உருவுங்கள்.

எப்போது மாற்றுவது

230 வோல்ட் மணி மீட்டர் ஒன்றை ஃபிலமென்ட் பிரைமரியோடு இணைத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை 14 மெகாஹெர்ட்ஸில், அதே டம்மி லோடில், அதே டிரைவில் ஃபிலமென்ட் வோல்ட், ரெஸ்டிங் கரண்ட், பிளேட் கரண்ட், கிரிட் கரண்ட், அவுட்புட் ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். தோரியம் வால்வில் அவுட்புட் மெல்ல இறங்கிக்கொண்டே வந்தால் ஃபிலமென்ட்டை 5% உயர்த்திப் பாருங்கள். அவுட்புட் ஏறினால் எமிஷன் தீர்ந்துவருகிறது. அந்த உயர்ந்த வோல்டேஜில் இன்னும் சில மாதம் ஓட்டலாம், அதற்குள் மாற்று வாங்கிவிடுங்கள். ஏறவில்லை என்றால் வால்வைக் குறை சொல்லாதீர்கள். ரிலே காண்டாக்ட், பேண்ட் சுவிட்ச், டிரைவ் கேபிள், பாரசிட்டிக் சப்ரஸர் (வேண்டாத அலைவுகளை அடக்கும் பாகம்) ரெசிஸ்டர் என்று தேடுங்கள். சப்ரஸரில் உள்ள ரெசிஸ்டர் வெந்து மதிப்பு மாறியிருப்பது அடிக்கடி கண்ணில் படும்.

கண்ணாடியின் உள்சுவரில் நீலமாக மினுங்கினால் கவலை இல்லை. அது எலக்ட்ரான்கள் கண்ணாடியில் மோதுவதால் வருவது. பிளேட்டுக்கும் கிரிட்டுக்கும் நடுவே ஊதா, ரோஜா நிறத்தில் புகைபோல ஒளிர்ந்தால் வாயு. உடனே அணையுங்கள். கெட்டர் (மிச்ச வாயுவை உறிஞ்சும்) பூச்சு உள்ள வால்வில் அந்த வெள்ளிப் பளபளப்பு பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்று நுழைந்துவிட்டது, இனி எழுப்ப முடியாது.

இரண்டு வால்வு லீனியரில் ஒன்று மட்டும் அதிகம் சிவந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். சிவப்பு வால்வோடு சேர்ந்து நகர்ந்தால் வால்வில் வித்தியாசம், அதே சாக்கெட்டிலேயே நின்றால் சாக்கெட்டிலோ வயரிங்கிலோ கோளாறு. ஜோடி மாற்றும்போது எமிஷன் ஒத்த இரண்டாகவே வாங்குங்கள். மிஞ்சிய நல்ல வால்வை உதிரியாக வைத்துக்கொள்ளலாம். உதிரி வால்வுகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேலே சொன்ன முறையில் எழுப்பி ஒரு வாரம் ஓட்டி, தேதியைப் பெட்டியில் எழுதி மறுபடி வையுங்கள்.